கடைசியாக நடப்பவள்

தன் நாற்காலிக்குப் பின்னால் தரை ஈரமாக இருப்பதை நூருன்னிசா முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சித்திரை மாதம். ஏரி வற்றிக் கரையை விட்டு உள்ளே போய், சேறு பாளம் பாளமாக வெடித்து, காற்றில் எந்நேரமும் உப்பும் காய்ந்த நண்டு ஓடும் சேர்ந்த வாடை அடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. கூரை ஓடு போன வருஷம்தான் மாற்றியது, ஒழுக வழியில்லை. ஒழுகுவதற்கு மழையும் இல்லை. நாற்காலியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் இருக்கும். அந்த இடுக்கில், செங்கல் தரையில், இரண்டு ஈரத் திட்டுகள் பக்கம் பக்கமாகக் கிடந்தன. குனிந்து தொட்டாள். விரலில் கருஞ்சேறு ஒட்டியது. மோந்து பார்த்தாள். கரைச் சேற்றின் வாடை இல்லை அது, வெயிலே படாத அடிச் சேறு, அழுகின முட்டையும் இரும்பும் கலந்த நாற்றம். பூனையாக இருக்கும் என்று கைருன் பீவியைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொன்னாள்.

கைருன் பீவி சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் இருக்கிறவள். துணியைப் போட்டுத் தேய்த்தபடி, "ஏம்மா, பூனைக்கு அஞ்சு வெரலா கீது?" என்று கேட்டாள்.

பேய் பிசாசை நம்பாமல் இருப்பதற்கென்றே மெட்ராஸ் போய்ப் படித்து வந்தவள் நூருன்னிசா. ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் அழிகிற விஷயத்துக்காக அந்தப் படிப்பை விட்டுக்கொடுத்துவிடுவாளா?

வீடு அவள் பாட்டனார் மரக்கலம் ஓட்டிக் கட்டியது. பழவேற்காட்டில் அந்த மாதிரி வீடுகள் பாதிக்குமேல் வௌவாலுக்கு விட்டாயிற்று. அண்ணன் கலந்தர் பொன்னேரியில் இரும்புக்கடை போட்டுக் குடியேறிய பிறகு பூட்டிக் கிடந்ததை எண்பத்தொன்றாம் வருஷம் அவள் வந்து திறந்தாள். வாசலில் 'மனநல உரையாடல் இல்லம்' என்று பலகை மாட்டினாள். அதைப் படிக்கிற சிரமத்தை ஊர் எடுத்துக்கொள்ளவில்லை. 'பேசற ஊடு' என்று சொல்லிவிட்டது.

அங்கே சங்கிலி கிடையாது. மாத்திரை கிடையாது. தாயத்து, தகடு, வேப்பிலை அடி எதுவும் கிடையாது. முக்கியமாக, கரண்ட் கிடையாது. மெட்ராஸில் அவள் வேலை பார்த்த மனநல ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் தலையில் கரண்ட் வைப்பதற்கென்று ஓர் அறை இருந்தது. நோயாளி நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருக்கப் பல்லுக்கு நடுவில் ஒரு ரப்பர் துண்டைச் செருகுவார்கள். ஆள் குறைந்த நாட்களில் தாடையைப் பிடித்துத் திறந்து செருகுகிற வேலையையும் அவள் செய்தாள். ஒரு நாள் அந்த ரப்பருக்கு மேலே ஒரு பெண்ணின் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது அந்தக் கண்களில். வாயில்தான் இடம் இல்லை. அதற்குப் பிறகு அவளால் அங்கே சோறு உண்ண முடியவில்லை, வேலையை விட்டுவிட்டாள். தன் கூரைக்குக் கீழே யார் வாயையும் யாரும் அடைக்கக் கூடாது, பேசியே எல்லாம் தீர வேண்டும் என்பது அவள் வைராக்கியம். பேசினால் தீருமென்றால் வக்கீலெல்லாம் ஏன் இப்படி இருக்கிறான் என்று கூட வேலை பார்த்த டாக்டர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் முகத்தில் கரி பூச வேண்டும் என்பதும் வைராக்கியத்தில் பாதி. அவளே அதை ஒப்புக்கொள்ள மாட்டாள்.

அவள் முறை எளிமையானது. வந்தவர் எதிரே உட்கார வேண்டும். அவள் சுவரோரம் உட்காருவாள், வந்தவருக்கு வாசல் தெரிய வேண்டும் என்பதற்காக. பிறகு ஒரு குரலில் சொல்வாள். அந்தக் குரலைப் பழகிப் பழகிச் செய்து வைத்திருந்தாள். தாழ்ந்து, அவசரமே இல்லாமல், காய்ச்சல்காரக் குழந்தைக்குப் போர்த்திவிடுகிற குரல். "பேசுங்க. இங்க எல்லாத்தையும் சொல்லலாம். யாரும் உங்களத் தப்பா நெனக்க மாட்டாங்க." பேசித் தீர்ந்த நாளில், அந்தப் பாரத்தோடு சம்பந்தப்பட்ட ஏதாவது ஒரு பொருளைக் கொண்டுவரச் சொல்வாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். "இத இங்க வெச்சிட்டுப் போங்க. இனிமே நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிச் சுவர் மாடத்தில் வைப்பாள். மாடம் நிறையச் சாமான்: செத்துப்போன குழந்தையின் கொலுசு, ஒரு சாராய பாட்டில், கிழிந்த வலைத்துண்டு, மாமியார் கொடுத்த சீப்பு. வெறும் உத்திதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கொடுத்துவிட்டு எழுந்து போகிறவர்களின் முதுகு நிமிர்வதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும்.

தனக்கோடி மாசி மாதம் வந்தாள். அழைத்து வந்தவள் மாமியார் நாகம்மாள்.

ஏரிக்கரையில் கையாலேயே இறால் பிடிக்கிற ஜனங்கள் அவர்கள். வலை இல்லை, படகு இல்லை. பெண்கள் வரிசையாகத் தண்ணீரில் இறங்கி, கழுத்தளவுக்குக் குனிந்து, இரண்டு கையாலும் அடிச் சேற்றைத் துழாவிக்கொண்டே போவார்கள். கை இரண்டும் சேற்றில் இருப்பதால் இறாலைப் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பறியை விளிம்பில் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். தண்ணீரில் இருக்கிற வரை அந்தப் பெண்களுக்குப் பேச்சு இல்லை. தனக்கோடிக்குக் கரைக்கு வந்த பிறகும் இல்லாமல் போய்விட்டது. போன ஐப்பசியிலிருந்து பல் கிட்டித்துக்கொண்டு வாய் திறக்கவே இல்லை. கடைவாயில் ஒரு பல் விழுந்த சந்து இருந்ததால் கஞ்சித் தண்ணியை அது வழியாக விட்டு உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள். எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தாள். திரும்பியே பார்க்க மாட்டாள். பின்னால் கதவு அடித்துச் சாத்தினாலும் கழுத்து அசையாது.

"ஏரில பயந்துகினா," என்றாள் நாகம்மாள்.

நூருன்னிசா விடவில்லை. தினமும் அந்தக் குரலில் பேசினாள். தாடையைத் தைலம் போட்டுத் தேய்த்தாள், சேர்ந்து மூச்சு விட்டாள், சேர்ந்து அழுதாள். வாய்தான் திறக்கவில்லை. கடைசியில் முறையை மாற்றி, பேச்சு வருவதற்கு முன்பே பொருளை வாங்கிவிடலாம் என்று முடிவு செய்து நாகம்மாளிடம் சொன்னாள்: "அவ பயத்தோட சம்பந்தப்பட்டது எதனா இருந்தா எடுத்துட்டு வாங்க. நான் வாங்கி வெச்சிக்கறேன்."

நாகம்மாள் அவள் கைகளைப் பார்த்தாள். "ரெண்டு கையாலயும் வாங்குவியாம்மா?"

"வாங்குவேன்."

"வாயால சொல்லணும். எல்லாருக்கும் சொல்றியே, அத்த."

நூருன்னிசாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மெட்ராஸ் டாக்டர்களுக்குப் புரியாத வைத்தியம் இந்தப் பெண்பிள்ளைக்குப் புரிந்திருக்கிறதே என்று கைருன் பீவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

மறுநாள் நாகம்மாளோடு இன்னும் சில பெண்கள் வந்தார்கள். உள்ளே வராமல் வாசலில் நின்றார்கள். தனக்கோடி ஒரு பறியை நீட்டினாள். பழசு, விளிம்பெல்லாம் பல் தடம். நூருன்னிசா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, எல்லாரும் கேட்க, "இனிமே நான் பாத்துக்கறேன்" என்றாள்.

தனக்கோடியின் தாடை இறங்கியது. பூட்டு கழன்ற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. "அப்பாடா," என்றாள். பிறகு தண்ணீர் கேட்டாள், பிறகு சோறு கேட்டாள், சோற்றைத் தின்றுகொண்டே அழுதாள், சிரித்தாள். வாசலில் நின்ற பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்கொண்டு கலைந்தார்கள். கிளம்பும்போது தனக்கோடி, "தப்பா எடுத்துக்காதக்கா," என்றாள். நன்றி சொல்லத் தெரியாத பெண் என்று நூருன்னிசா நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் மெட்ராஸில் அவள் கடிதம் எழுதிப் போடாத ஆள் இல்லை.

சித்திரையில் தொடங்கிய தரை ஈரம் தினமும் வந்தது. காலையில் துடைத்தால் மத்தியானம் இருந்தது. பட்டப்பகலில், வெளியே காக்கை கத்திக்கொண்டிருக்க, மீன் கூடைக்காரி தெருவில் கூவிக்கொண்டு போக, வெயில் ஜன்னல் கம்பி நிழலைத் தரையில் போட்டிருக்க, அவள் எதிரே யாராவது அழுதுகொண்டிருக்கையில், முதுகுப் பக்கம் சொட் என்று ஒரு துளி விழும். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. ஈரத் துணி கட்டின ஒருத்தர் வெகுநேரமாக அசையாமல் நின்றால் முந்தானை நுனியிலிருந்து எப்படிச் சொட்டுமோ, அந்த அவகாசத்தில். கூடவே அந்த அடிச் சேற்று நாற்றம். திரும்பினால் சுவர்தான் இருக்கும்.

வந்தவர்கள் முன்போல அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பேசிக்கொண்டே இருப்பார்கள், கண் மெதுவாக அவள் தோளுக்கு மேலே போகும், அங்கேயே நிற்கும். வேலு என்று ஒரு படகுக்காரன், குடியை விடுவதற்காக வந்துகொண்டிருந்தவன், பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டான்.

"சொல்லுங்க வேலு. இங்க எல்லாத்தையும் சொல்லலாம்."

"சொல்றன் டாக்டரம்மா. உங்க பின்னால கீறாங்களே, அவங்கள வெளிய அனுப்புங்க, சொல்றன்."

அவள் அவனுக்குக் குடி நிறுத்தியதால் வருகிற மயக்கம் என்று விளக்கம் சொன்னாள். அவன் கேட்டுவிட்டுக் கும்பிட்டுப் போனான். பிறகு வரவில்லை. ஒருவர் பின் ஒருவராக ஏறக்குறைய எல்லாரும் நின்றுபோனார்கள்.

காலையில் எழுந்தால் தாடை வலித்தது. இரவெல்லாம் பல்லைக் கடித்திருக்கிறாள். பிறர் நோயைக் கேட்டுக் கேட்டுத் தன்மேல் ஏற்றிக்கொள்வது இந்தத் தொழிலில் உள்ளதுதான், அதற்குப் பெயர் உண்டு, புத்தகத்தில் படித்திருக்கிறாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் திறக்கும். ஒரு நாள் ஒத்தடம் கொடுத்துக் கொப்பளித்தபோது வாயிலிருந்து ஓலை நார் வந்தது. முன் அறைக்கு ஓடி மாடத்திலிருந்த பறியை எடுத்துப் பார்த்தாள். விளிம்பு ஈரமாக இருந்தது. பழைய தடங்களுக்கு மேல் புதுத் தடம். அவளுக்கு மேல்வரிசையில் ஒரு பல் கோணல். அந்தக் கோணல் ஓலையில் அப்படியே பதிந்திருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

பறியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக் குடிசைகளுக்குப் போனாள். நாகம்மாள் வாசலில் குந்தியபடி இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். தனக்கோடி பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். உடம்பு தேறிக் கன்னம் வைத்திருந்தது. நூருன்னிசாவைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"இந்தாங்க. உங்களுது." நூருன்னிசா பறியை நீட்டினாள்.

நாகம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அக்கம்பக்கத்துக் குடிசைப் பெண்களும் அப்படியே செய்தார்கள். ஒரு சின்னப் பெண்கூட.

"எங்களுது இல்லம்மா. வாங்கிக்கினா வாங்கிக்கினதுதான்."

"இன்னா வாங்கினேன்? எனக்கு இன்னா ஆவுதுன்னு தெரியணும். சொல்லுங்க."

நாகம்மாள் ஒளிக்கவில்லை. வேலை முடிந்துவிட்டதே, இனி ஒளிக்க என்ன இருக்கிறது? இறால் தலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். "தண்ணில வரிசையா போவோம் பாரு. வரிசைல கடைசியா நடக்கறவளுக்குப் பின்னால இன்னொருத்தி வருவா. யாருன்னு கேக்காத, எவளும் திரும்பிப் பாத்ததில்ல. எங்க மாமியா காலத்திலயும் வந்தா. ஏதோ ஒரு கொரல்ல கூப்டுவா, நமக்கு எந்தக் கொரலத் தட்ட முடியாதோ அந்தக் கொரல்ல. பேசுன்னுவா. வாயத் தொறக்கக் கூடாது. பறியக் கடிச்சிக்கினா தொறக்க முடியாதில்ல, அதுக்குத்தான் பறி."

"தொறந்தா?"

"எங்க வரிசைல அம்மணின்னு ஒருத்தி தொறந்தா. அவ செத்த புள்ள கொரல்ல கூப்ட்டுச்சு. கரைக்கு இஸ்துகினு வந்து போட்டோம். வாய் நெறைய சேறு. தொண்ட வரிக்கும். கையால அமுக்கி அமுக்கி அடச்சாப்புல."

கடைசி இடம் முறை வைத்து மாறும். முறை முடிந்தவள் பறியை அடுத்தவளிடம் கொடுப்பாள். அடுத்தவள் இரண்டு கையாலும் வாங்கி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். அம்மணி செத்ததும் முறை தனக்கோடிக்கு வந்தது. தனக்கோடி முறை முடிந்தபோது வாங்க ஒருத்தியும் கை நீட்டவில்லை. வாங்காத முறை கரைக்கும் கூடவே வந்துவிட்டது.

"பேசற ஊட்ல ஒரு பாய்ப் பொண்ணு எது குட்தாலும் ரெண்டு கையால வாங்கிக்கிறா, வாயாலயும் சொல்றான்னு சொன்னாங்க," என்றாள் நாகம்மாள். "எனுக்கு மருமவ வோணும்மா. அவ்ளோதான்."

"என்னப் பாத்தா உங்களுக்குப் பாவமா இல்ல?"

"பாவம்தான்," என்று நாகம்மாள் மனதாரச் சொன்னாள். "வரிசைன்னு இருந்தா கடைசின்னு ஒருத்தி இருந்துதானம்மா ஆவணும்?"

திரும்பி வரும்போது வெயில் எதிரே இருந்தது. அவள் நிழல் பின்னால் விழுந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. ஈரக் கால் மணலில் வைக்கிற சத்தம் வீடு வரை வந்தது.

ஆரோக்கியமேரி மட்டும்தான் இன்னும் வந்துகொண்டிருந்தாள். பிரசவத்துக்குப் பிறகு குழந்தையைப் பார்த்தாலே அழுகிறவளாக வந்து, இப்போது இடுப்பில் குழந்தையோடு சிரித்துக்கொண்டு வருகிறவள். நூருன்னிசா சொன்னால் கிணற்றில் குதிப்பாள். மறுநாள் அவள் வந்து உட்கார்ந்ததும் நூருன்னிசாவின் புத்தியில் ஒரு எண்ணம் புழு மாதிரி நெளிந்தது. சீ என்றாள். அடுத்த நிமிஷம் எழுந்து மாடத்திலிருந்து பறியை எடுத்தாள். தாடை அப்போதே பாதி கிட்டித்திருந்தது. இந்தப் பெண்ணுக்குக் குழந்தை இருக்கிறது என்று மனசு கத்தியது. எனக்கு வாய் மட்டும்தான் இருக்கிறது என்று இன்னொரு மனசு பதில் சொன்னது.

"மேரி. இத வாங்கிக்க. ரெண்டு கையாலயும்." அந்தக் குரலில்தான் சொன்னாள். "நான் பாத்துக்கறேன்னு சொல்லு."

ஆரோக்கியமேரி குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஒரு கையால் வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கள்ளமே இல்லாமல் சிரித்தாள். "எனக்கு இன்னாக்கா தெரியும் பாத்துக்க? நீங்கதான் எல்லாத்தயும் பாத்துக்குவீங்க." சொல்லிவிட்டுப் பறியை மாடத்திலேயே பத்திரமாக வைத்தாள்.

இன்னொரு தடவை கேட்க நூருன்னிசா வாயைத் திறக்கப் பார்த்தாள். பல் விடவில்லை. பூட்டிக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் சொட் என்று கேட்டது.

கைருன் பீவி ஆள் அனுப்பிக் கலந்தர் வந்தார். தங்கையின் தலையைத் தடவினார், அழுதார். பொன்னேரியிலிருந்து அவர் அழைத்து வந்த டாக்டர் ஸ்பூன் காம்பைப் பல்லுக்கிடையில் விட்டு நெம்பினார். மயிரிழை அளவு திறந்தது.

பின்னாலிருந்து ஒரு விரல் அவள் வாயோரத்தைத் தொட்டது.

குளிர்ந்த விரல். நகத்தில் சேறு. அண்ணன் எதிரே நிற்கிறார். டாக்டர் எதிரே நிற்கிறார். நாற்காலிக்குப் பின்னால் ஒரு சாண் இடமும் சுவரும்தான். அவள் ஸ்பூனைத் தட்டிவிட்டுப் பல்லை இறுக்கினாள். கோணல் பல்லின் நுனி உடைந்தது. அதையும் விழுங்கினாள்.

"ஹிஸ்டீரியா," என்றார் டாக்டர். "மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. ரெண்டு தடவ கரண்ட் வெச்சா தாடை தானா விட்டுக்கும்."

"அதே ஆஸ்பத்திரில உனக்குத் தெரிஞ்சவங்கதானே இருக்காங்க நூரு," என்றார் கலந்தர். "காலைல டாக்சி வந்துரும். அண்ணன் கூடவே இருக்கேன்."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். காலில் விழுந்தாள். அவர் தூக்கி நிறுத்திக் கண்ணைத் துடைத்துவிட்டார். அந்த அறை அவளுக்குத் தெரியும். கட்டில் தெரியும். தாடையை எந்த இடத்தில் அழுத்தினால் வாய் திறக்கும் என்று தெரியும். அவளே அழுத்தியிருக்கிறாள். திறந்துவிடுவார்கள். நிச்சயம் திறந்துவிடுவார்கள்.

ஒரே ஒரு வழி இருந்தது. முறையை நடந்து முடிப்பது. நடந்து முடித்தால் பறியை நீட்டலாம். யாராவது வாங்கலாம்.

விடியும்போது பறியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வானம் சாம்பல் நிறத்தில் இருந்தது, தண்ணீரும் அதே நிறம். தூரத்தில் டாக்சி வருகிற சத்தம் கேட்டது. கரையில் பெண்கள் நின்றார்கள். அவள் வருவாள் என்று தெரிந்து நின்ற மாதிரி இருந்தது. வாயில் வெற்றிலையோடு தனக்கோடிதான் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். புதுப் பறி வைத்திருந்தாள். நூருன்னிசாவைக் கண்டதும் பேச்சை நிறுத்தி, வெற்றிலையைத் துப்பி, ஒதுங்கி வழிவிட்டாள். கடைசி இடத்துக்கு வழி.

ஒருத்தி ஒருத்தியாகப் பறியைக் கடித்துக்கொண்டு இறங்கினார்கள். பூட்டியிருந்த தாடை பறிக்கு மட்டும் இடம் விட்டது, நூருன்னிசா கடித்தாள். உடைந்த பல் ஓலையில் பட்டு உயிர் போனது. தண்ணீர் முழங்கால், இடுப்பு, நெஞ்சு. குனிந்து கையைச் சேற்றுக்குள் விட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. முன்னால் தனக்கோடியின் தலை. அதற்கு முன்னால் ஒரு தலை. யாரும் திரும்பவில்லை.

கரைச் சத்தம் போய்விட்டது. தண்ணீர் அலம்புகிற சத்தம் மட்டும் இருந்தது. முன்னால் அலம்பல். பின்னாலும் அலம்பல்.

நடந்தாள்.

பின்னால் நடந்தது.

எந்தக் குரலில் கூப்பிடும்? உம்மாவின் குரலா? ரப்பருக்கு மேலே பார்த்தாளே, அவள் குரலா? எதுவானாலும் தாங்கிக்கொள்ளலாம். யார் குரலுக்கும் அவள் மசிய மாட்டாள்.

"பேசுங்க."

அவள் குரல். அவளுடைய சொந்தக் குரல். தாழ்ந்து, அவசரமே இல்லாமல், காது மடலுக்குப் பக்கத்தில்.

"இங்க எல்லாத்தையும் சொல்லலாம். யாரும் உங்களத் தப்பா நெனக்க மாட்டாங்க."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எவ்வளவு அன்பான குரல். இத்தனை நாள் எத்தனை பேருக்குக் கொடுத்தாள். அவளுக்கு ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்லை. சொல்ல வேண்டும். மேரியின் குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெருமையைப் பற்றி. அந்தப் பெண்ணின் தாடையைப் பற்றி. எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து பல்லை முட்டியது. கடித்தாள். தாடை நடுங்கியது. முன்னால் தனக்கோடி கொஞ்சம் வேகமாக நடக்க ஆரம்பித்தாள்.

கழுத்தில் ஒரு கை பட்டது. முகவாய்க்கு வந்தது. சேற்றில் இறாலைத் துழாவுகிற கை எப்படி அவசரப்படாமல், அழுத்தாமல், விரல் விரலாகப் போகுமோ, அப்படிக் கன்னத்தில் போயிற்று. உதட்டைக் கண்டுபிடித்தது. நின்றது. காத்திருந்தது.

இன்னொரு கை பின்னாலிருந்து வந்தது. அதில் சேறு இருந்தது. கை நிறைய.

"வெச்சிட்டுப் போங்க," என்றது அவள் குரல். "இனிமே நான் பாத்துக்கறேன்."

பல்லுக்கிடையில் ஓலை ஒரு நார் அறுந்தது. இன்னொரு நார். பறி வாயிலிருந்து நழுவித் தண்ணீரில் மிதந்து, தனக்கோடியின் முதுகில் மெல்ல மோதி நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.